கூப்பிட்டுவிட்டு நின்றவர்

எங்கள் ஃபிளாட்டில் எட்டுப் பேருக்கு ஒரே குளியலறை. குவைத்தின் அப்பாசியாவில் இது ஒன்றும் அதிசயமில்லை. காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை அந்தக் கதவு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் தட்டினால் அடுத்த வீட்டுக்காரன் எழுந்துவிடுவான். என் பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி, "உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டு, தோளில் துண்டோடு சுவரில் சாய்ந்து நிற்பார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் கேட்பார். பதில் வராவிட்டால் இரண்டாம் முறை. அதற்கும் வராவிட்டால் மூன்றாம் முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு பீடி குடித்து முடிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், விளக்கு அணைந்து கதவு பாதி திறந்து கிடந்தாலும் இதே சடங்குதான். காலிக் குளியலறையை மூன்று முறை கூப்பிட்டு, மூன்று முறை காத்திருந்து, பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அந்த இடைவெளியில் நான் பல தடவை குறுக்கே புகுந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கோபப்பட்டதே இல்லை. "பரவாயில்லை. இப்ப ஆள் இருக்கெண்டு தெரியும்தானே" என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, எழுதியது நான்தானா என்று மூன்று முறை கேட்பார். இலங்கையில் வன்னிப் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். ஒரு சலவைக் கம்பெனியில் பிக்கப் ஓட்டுகிறேன். ஹோட்டல்களில் அழுக்குத் துணி எடுத்து, வெளுத்த துணி கொடுக்கும் வேலை. பிறவியிலேயே அவசரக்காரன். சிக்னல் பச்சையாவதற்கு முன்பே ஹாரனில் கை வைக்கிறவன். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இப்படி ஒருவரைக் கொண்டுவந்து போட்டது யார் செய்த குறும்போ தெரியவில்லை.

அவருக்கு ஃபர்வானியாவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. விசாவுக்கும் சிவில் ஐடிக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கிற கடை. வருகிறவர்கள் எல்லாம் டியூட்டிக்கு நடுவில் ஓடி வருகிறவர்கள். ஸ்டூலில் உட்கார வைத்து, காது இரண்டும் தெரிகிறதா என்று பார்த்து, "இஞ்ச பாருங்கோ" என்பார். சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். வந்தவன் இருமுவான், சட்டைக் காலரை இழுத்துவிடுவான், வாட்சைப் பார்ப்பான். முதலாளி மலையாளி, கல்லாவிலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று கத்துவார். இவர் அசைய மாட்டார். கடைசியில் அந்த ஆளின் முகம் தானாக அடங்கி, சொந்த முகமாக ஒரு நொடி நிற்கும். அப்போது அமுக்குவார். அந்தக் கடைக்கு வெளியே நான் எடுத்துக்கொண்ட படங்களில் எல்லாம் இப்போதுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்த ஆள் மாதிரி இருப்பேன். இவர் எடுத்ததை ஊருக்கு அனுப்பியபோது, "இதுதான் நீங்க" என்று என் மனைவி எழுதினாள்.

போன் செய்வதும் இதே கதைதான். மணி அடித்து அடித்துத் தானாக நிற்கும் வரை விடுவார். நின்றதும் மறுபடி, பிறகு மூன்றாவது முறை. கிளிநொச்சியில் இருந்த அவருடைய அம்மாவுக்கு முட்டி வலி. போன் இருக்கும் இடத்துக்கு நடந்து வர நேரமாகும். சரி, அம்மாவுக்கு அது நியாயம். ஆறாவது ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் அப்படியே அடிப்பார். எடுத்துப் பார்த்தால், வரும்போது ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லியிருப்பார். அவரை நான் அன்று திட்டிய திட்டை எழுத முடியாது.

வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஈராக் படை இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, எதிரி கடல் வழியாக வந்து இறங்குவான் என்று கரை நெடுகப் பதுங்கு குழிகள் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றை எப்போதோ இடித்துத் தள்ளிவிட்டார்கள். தெற்கே, சவூதிக்குப் போகும் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால், ஆள் குடியில்லாத ஒரு துண்டுக் கரையில் மட்டும் பதினொன்று மிச்சமிருந்தன. கடல் அந்தக் கரையை வருடத்துக்கு வருடம் தின்றுகொண்டிருந்தது. சிலது அடிமண் போய்ச் சாய்ந்து நின்றன. ஒன்று முழுசாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. வேலை தேடி வந்த நாட்டில், ஓய்வு நாளில், மனிதன் போய்ப் பார்க்கிற இடமா அது? ஆனால் அவரிடம் வண்டி இல்லை. என்னிடம் பிக்கப் இருந்தது. ரூமில் அவர் சமையல் முறை வரும் நாளில் வைக்கும் மீன்குழம்புக்கு நான் அடிமை. போனேன்.

அந்தப் பக்கம் போனால் அவர் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். கூடாரம் போட வருகிறவர்களின் வண்டித் தடத்தை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. மண்ணில் கிடக்கிற எதையும் எடுக்கக் கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் அந்தத் திசையையே மறந்துவிட வேண்டும். இவற்றைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் மேஸ்திரியின் கண்டிப்பு வரும். அந்த விஷயத்தில் அவர் என்னைவிட அதிகம் படித்தவர் என்று எனக்குத் தெரியும், அதனால் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

பங்கர் என்றுதான் அவர் சொல்வார். ஒவ்வொரு பங்கரின் வாசலுக்கு முன்னும் போய் நின்று, குனிந்து, அந்த இருட்டைப் பார்த்து, "உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களோ?" என்பார். நிற்பார். மூன்று முறை. அதன் பிறகுதான் முக்காலியை விரித்து, நேர் எதிரே நின்று, ஒரே ஒரு படம். ஸ்டூடியோவில் எடுக்கிற மாதிரியேதான். இரண்டு ஓரமும் சமமாகத் தெரிய வேண்டும், தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

"அண்ணே, உள்ள ஈராக்காரன் இருந்தா அவனுக்கு உங்க தமிழ் புரியுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எந்தப் பாசையெண்டாலும் ஒரு சத்தம் வந்தாக் காணும்" என்றார். காணும் என்றால் அவர் ஊரில் போதும்.

"முப்பது வருசமா எவன் இருக்கப் போறான்? ஒரு தடவை கூப்பிட்டாப் பத்தாதா?"

"உள்ளுக்கு இருக்கிறவருக்குக் குரல் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் தம்பி." அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் படங்களை அவர் யாருக்கும் அனுப்பவில்லை, எங்கும் போடவில்லை. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவில் அச்செடுத்து, வெட்டி, கடையின் சின்ன உறையில் போட்டு, மேலே பங்கரின் எண்ணை எழுதி, தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார். ஒருமுறை அவர் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, அதன் கீழே அழகான கையெழுத்தில் இரண்டே சொற்கள்: ஒருத்தரும் இல்லை. ரூமில் இதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம். காலி வீட்டுக்குக் காலி என்று சான்றிதழ் கொடுக்கிற ஒரே தாசில்தார் நம்ம அண்ணன்தான் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

கேலி அதோடு நின்றிருக்கலாம்.

அது பிப்ரவரி மாதம். முந்தைய வாரம் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை அவரை முதல் பங்கரில் இறக்கிவிட்டு, பெட்ரோல் பங்குக்குப் போய் டீ வாங்கி வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. சுற்றிக்கொண்டு போய், நான்காவது பங்கருக்குப் பின்னால் மணல்மேட்டின் மறைவில் வண்டியை நிறுத்தினேன். திட்டம் எளிமையானது. நான் உள்ளே ஒளிந்திருக்க வேண்டும். அவர் கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்கு நான் அடிவயிற்றிலிருந்து அரபியில் ஒரு குரல் கொடுக்க வேண்டும். ரூமில் ஒரு மாதத்துக்கு அதையே பேசிச் சிரிக்கலாம். போன் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை வண்டியிலேயே வைத்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அது.

அந்தப் பங்கர் கடல் பக்கம் சாய்ந்து நின்றது. வாசலுக்கு மேலே ஒரு தகரம், தகரத்தின் மேல் மணல், அதைத் தாங்க ஒரு உளுத்த மரக்கட்டை. குனிந்து உள்ளே போகும்போது என் தோள் கட்டையில் இடித்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தகரம் மடங்கியது, மேலிருந்த ஈர மணல் முழுவதும் என் பின்னால் இறங்கியது. திரும்பிப் பார்ப்பதற்குள் வாசல் இல்லை. இடுப்புக்கு மேல் வரை மணல். நெஞ்சு சுவரோடு ஒட்டிவிட்டது. வாய், மூக்கு எல்லாம் மண். கடலைப் பார்த்த சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளவு. அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சமும் அலைச் சத்தமும் வந்தன.

கத்திப் பார்த்தேன். வந்தது குரல் இல்லை, காற்று. மூச்சை வெளியே விட முடிந்தது, நிறைய உள்ளே இழுக்க முடியவில்லை. பயந்துபோனேன். சும்மா சொல்லவில்லை, கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரும் மண்ணோடு சேர்ந்து சேறாகிக் கண்ணை மறைத்தது. நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவன் நானேதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காலடி கேட்டது. நின்றது. வாசல் சரிந்து மூடிக் கிடக்கிற ஒரு பழைய குழி. மழையில் விழுந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். காற்று என் தடத்தைக்கூட அழித்திருக்கும். படம் எடுக்க அங்கே முகம் என்று ஒன்று இல்லை. நானாக இருந்தால் அடுத்ததுக்குப் போயிருப்பேன்.

"உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களோ?"

வாயைத் திறந்தேன். மண்தான் உள்ளே போனது.

இரண்டாவது முறை கூப்பிட்டார். தொண்டையில் ஏதோ புரண்டது, வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு மௌனம். அவருடைய அந்த நீண்ட மௌனத்தை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். இப்போது அது நீள நீள, போய்விடாதே அண்ணே, போய்விடாதே என்று உள்ளுக்குள் கதறினேன். கையை அசைத்துப் பார்த்தேன். வலது கை மணலுக்குள் இருந்தது, ஆனால் விரல்களுக்கு நடுவில் வண்டிச் சாவி இருந்தது. மெல்ல மெல்ல அதை மடங்கிக் கிடந்த தகரம் வரைக்கும் கொண்டுபோனேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டார். நான் தட்டினேன். டக். டக்.

"சரி. கேட்டுட்டுது" என்றார். குரலில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. "ஆரெண்டாலும் பயப்பிடாதேங்கோ. கதைக்க வேண்டாம், மூச்சை மட்டும் விடுங்கோ. நான் போக மாட்டன்."

உடனே அதையே இந்தியில், "டரோ மத் பாய்" என்றார். பிறகு அரபியில், கவலை இல்லை என்று, "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இருப்பது நான் என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒருவருக்கு, எந்த நாட்டானோ, எந்தப் பாஷைக்காரனோ, அவனுக்குத்தான் அத்தனை மொழியிலும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கையால் தோண்டினார். முடியவில்லை. பிறகு தகரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார். கூடாரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டு வரப்போகிறேன், என் சத்தம் நிற்காது, கேட்டுக்கொண்டே இரு என்று. மறுபடி மூன்று மொழியிலும். எழுந்து ஓடும்போதே உரக்க எண்ண ஆரம்பித்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. தூரம் போகப் போகக் குரல் சிறுத்தது. நாற்பதுக்கு மேல் கேட்கவில்லை. அந்த நேரத்தை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காதில் விழுந்தது. முந்நூற்றுப் பதின்மூன்று, இன்னும் பக்கத்தில். கூடவே வேறு ஆண்களின் குரல்கள், மண்வெட்டிச் சத்தம்.

குவைத்துக்காரர்கள் இரண்டு பேர், அப்பாவும் மகனும். மணலில் மாட்டிய வண்டியைத் தோண்டி எடுக்க வைத்திருந்த மண்வெட்டிகளால் தோண்டினார்கள். மண் விலகி வெளிச்சம் வந்தது. முதலில் தெரிந்தது அண்ணன் முகம். என்னைப் பார்த்தார்.

"நீரோ?" என்றார்.

லென்ஸ் துடைக்க வைத்திருந்த துணியால் என் வாயையும் மூக்கையும் துடைத்தார். அந்தத் துணியை எங்களில் ஒருவரையும் அதுவரை தொடவிட்டதில்லை. பெரியவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, தோளைத் தடவிக் கொடுத்தபடியே அரபியில் திட்டினார். எனக்குப் புரிந்த ஒரே சொல் மஜ்னூன், பைத்தியம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. எலும்பு ஒன்றும் முறியவில்லை. கால் மரத்திருந்தது, முழங்கை தோலுரிந்திருந்தது, அவ்வளவுதான். காற்று அவ்வளவு தாராளமாக மூக்குக்குள் வந்துபோவதை உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

முகம் கழுவ எழுந்தபோது தடுத்தார். "ஒரு நிமிசம். இஞ்ச பாரும்." சரிந்த பங்கருக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, முக்காலியை விரித்தார். எனக்கு உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். உதறல் அடங்கும் வரை காத்திருந்து, பிறகு எடுத்தார்.

திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன், அவருக்கு லைசென்ஸ் கிடையாது. சாலையில் ஏறியதும் கேட்டார்: "ஏன் உள்ளுக்குப் போனனீர்?"

பொய் தயாராக இருந்தது. ஒன்றுக்குப் போக ஒதுங்கினேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஃபஹாஹீல் தாண்டும் வரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அரபியில் பேய்க்குரல் கொடுக்க இருந்ததையும் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். பத்து வயதில் சண்டைக் காலத்தில், வீட்டு வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் தனியாக ஓடி ஒளிந்திருக்கிறார். பக்கத்தில் ஷெல் விழுந்து வாசல் மூடிவிட்டது. முதலில் வந்தவர்கள் மேலே நின்று, "இதுக்க ஒருத்தரும் இல்லை" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனது அவருக்குக் கேட்டிருக்கிறது. அடுத்து ஒருவர் வந்து கூப்பிட்டிருக்கிறார். இவர் வாய் நிறைய மண்.

"துப்பிப்போட்டுக் குரல் எடுக்கிறதுக்குள்ள அந்த ஆள் போயிட்டார். பிறகு ஒரு மனுசி வந்தவ. எங்கட ஊர் இல்லை, இடம்பெயர்ந்து போற வழி. அவ கூப்பிட்டிட்டு நிண்டவ. திருப்பிக் கூப்பிட்டிட்டு நிண்டவ. மூண்டாந்தரம்தான் என்ர சத்தம் வெளியில வந்தது." ஜன்னலை இறக்கிவிட்டார். "அவவின்ர முகத்தைப் பிறகு நான் காணவே இல்லைத் தம்பி. பேரும் தெரியாது. அவ நிண்டவ, எனக்கு அது மட்டும்தான் தெரியும்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால், அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்து ஓரம் கட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமாக் கூப்பிட்டதுக்கு முதல் பதில்" என்றார், "அதுவும் நீர்!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு வலிக்க, முழங்கை எரிய, இரண்டு பேரும் சாலையோரத்தில் கிடந்து சிரித்தோம். உயிரோடு இருப்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை என் தலையணையில் ஸ்டூடியோ உறை ஒன்று இருந்தது. மேலே நான்கு என்று எண். உள்ளே எட்டுப் பிரதிகள், பாஸ்போர்ட் அளவு. அரிசிமாவில் புரட்டி எடுத்த மாதிரி என் முகம், காது இரண்டும் நன்றாகத் தெரிந்தன. பின்னால் தேதி. அதன் கீழே: ஒருத்தர் இருந்தவர். வெளியில வந்திட்டார்.

அதற்குப் பிறகு குளியலறையில் நான் குறுக்கே புகவில்லை. மற்றவர்கள் புகுந்தால் சண்டைக்குப் போனேன்.

அடுத்த வருடமே அம்மாவுக்கு முடியவில்லை என்று அவர் ஊருக்குப் போய்விட்டார். கிளிநொச்சியில் இப்போது சொந்தமாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சாய்ந்து நின்ற நான்காவது பங்கரைக் கடல் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது. அதே வண்டி இல்லை, ஆனால் அதே வேலை.

போன வாரம் ஆறாவது ரிங் ரோட்டில் நல்ல நெரிசல். சட்டைப் பைக்குள் போன் அடித்தது. அடித்து அடித்துத் தானாக நின்றது. யாரென்று பார்க்கத் தேவையில்லை. மறுபடி அடித்தது, முழுசாக அடித்து நின்றது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் அவசரப்படவில்லை. பொறுமையாக விளக்குப் போட்டு, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது முறை அடித்தது.

"இருக்கேண்ணே" என்றேன்.